தெரிந்து கொள்வோம்: ‘இசைமுரசு’ நாகூர் ஹனிபா



சினிமாப் பாடகர்கள் பற்றி நம் எல்லோருக்கும் தெரியும். நான் எழுதப் போவது நம்ம பக்கத்து ஊர்ப் பாடகர் ஒருவரைப் பற்றி. காரைக்கால் போய் பஸ் மாறி, திருமலைராயன்பட்டினம், வாஞ்சூர் எல்லை தாண்டினால் நாகூர் வந்துவிடும். அந்த ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு, தமிழர் வாழும் நாடெல்லாம் போய்ப் பாடியவர் இ.எம்.ஹனிபா.

பிறந்தது 25-12-1925. முறைப்படி எந்த குருவிடமும் சங்கீதம் படித்தவர் இல்லை. பள்ளிக்கூட வயசிலேயே பாட ஆரம்பித்தார். ஊரில் பைத்து பாடி (தப்ஸ் அடித்துக்கொண்டு கூட்டமாகப் பாடுவது) பழகினார். பிறகு கல்யாண வீடுகளில் கச்சேரி. அப்புறம் இசைத்தட்டு, கேசட். அண்ணாவின் மேல் பற்று கொண்டு தி.மு.க. மேடைகளிலும் பாடினார். ‘பாவமன்னிப்பு’ (1961) படத்தில் டி.எம்.சௌந்தரராஜனோடு பாடினார். இளையராஜா இசையில் ‘செம்பருத்தி’ (1992), ‘ராமன் அப்துல்லா’ (1997) படங்களிலும் அவர் குரல் உண்டு. கலைமாமணி விருது பெற்றார். தமிழக மேலவை உறுப்பினராகவும் இருந்தார்.

சரி, அவர் குரல் மட்டும் ஏன் அவ்வளவு தூரம் கேட்டது? இதை நம்ம அறிவியல் பாடத்தோடு சேர்த்துப் பார்க்கலாம். அந்தக் காலத்தில் தெருவிலும் திடலிலும் கட்டுவது கூம்பு ஒலிபெருக்கிதான். அதில் கனமான, தாழ்ந்த ஒலி சரியாக வராது. அடிக்குரலில் முணுமுணுத்துப் பாடினால் வார்த்தை கரைந்து போய்விடும். ஹனிபா உச்ச சுருதியில், குரலை முழுசாகத் திறந்து பாடுவார். ல, ள, ழ மூன்றும் தனித்தனியாகக் காதில் விழும். அதனால் கூட்டத்தின் கடைசியில் நிற்பவருக்கும் பாட்டு புரிந்தது. முரசு என்ற பட்டம் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

அவர் பாடிய ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ எழுதியவர் ஆர்.அப்துல் சலாம். ‘இறைவன்’ என்பது எல்லா மதத்துக்கும் பொதுவான தமிழ்ச் சொல். அதனால்தான் இஸ்லாமியர் மட்டுமில்லாமல், மற்றவர்களும் தங்கள் சாமியை நினைத்துக்கொண்டே அந்தப் பாட்டைக் கேட்க முடிகிறது.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. எனக்குக் குரல் கொஞ்சம் பெரிசு. பாட்டுப் போட்டி என்றால், “நீ பாடுறியா, வயல்ல ஆளைக் கூப்பிடுறியா?”ன்னு கேலி பண்றாங்க. பாட்டு கிளாஸில் சேர வீட்டில் வசதியும் இல்லை. மெல்லிசா, இனிப்பா இருந்தால்தான் நல்ல குரல் என்று எல்லோரும் நினைக்கிறோம். ஹனிபா குரல் அப்படி இல்லையே! அவர் தன் குரலைச் சின்னதாக்கிக் கொள்ளவில்லை, அதற்கேற்ற பாட்டையும் மேடையையும் பிடித்துக்கொண்டார்.

அவரிடம் நாம் கற்க வேண்டியவை:

1. அடுத்தவர் குரலைக் காப்பி அடிக்காதே.
2. உச்சரிப்பைத் திருத்து. அதற்குக் காசு வேண்டாம், தமிழ்ப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்தாலே போதும்.
3. தொண்டையை இறுக்கிக் கத்தாதே. வயிறு நிறைய மூச்சு இழுத்துப் பாடு.

8-4-2015 அன்று சென்னையில் அவர் காலமானார். 2025 அவருடைய நூற்றாண்டு.

வரும் ஆண்டு விழாவுக்கு நான் பெயர் கொடுக்கப் போகிறேன். என்னைப் போல பெரிய குரல்காரங்க யாராவது இருந்தா வாங்க, சேர்ந்தே பாடுவோம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவன், குரும்பகரம்