திருமணத்தின் சட்ட இலக்கணம்

எச்சொல்லுக்கும் இலக்கணம் வகுப்பது எளிதன்று. குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் நூற்குற்றங்கள் என்று நம் இலக்கண ஆசிரியர் விலக்கினர். பிற சொற்களிடத்து இக்குற்றம் நேரின் நூல் ஒன்றே பழுதுபடும். திருமணம் என்னும் சொல்லிடத்து நேரினோ, கணவன் மனைவியராய் வாழ்ந்தோர் சட்டத்தின் முன் அயலாராவர். அவர்தம் மக்கள் சொத்துரிமைக்கு அலைவர். ஆகையால் இவ்விலக்கணத்தை வகுப்பவர் யாவர், எவ்வாறு வகுத்தனர் என்பதை மாணாக்கர் ஆராய்ந்தறிதல் தகும்.

அமெரிக்காவில் சில மாநிலங்கள் இதனைக் குடிமக்களின் நேர் வாக்குக்கே விட்டன. 2008-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் கலிபோர்னியா மாநிலத்தில், ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே நிகழும் மணமே செல்லும் என்னும் வாசகத்தை அரசியலமைப்பிற் சேர்க்க, வாக்களித்தோரில் நூற்றுக்கு 52 பேர் இசைந்தனர். 2024 நவம்பரில் அம்மாநிலத்தாரே வாக்களித்து அதனை நீக்கினர். இருவர் வாழ்க்கையைப் பற்றிய வினாவுக்குப் பிறரது எண்ணிக்கையால் விடை காண்பது எத்துணை நிலையற்றது என்பதற்கு இது சான்று. நம் நாட்டில் அம்முறை இல்லை. மணத்தைப் பற்றிச் சட்டமியற்றும் அதிகாரம் மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் பொதுவானது. மத்திய சட்டத்தோடு மாறுபடும் மாநிலச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றால் அம்மாநிலத்தில் நிலைபெறும். தமிழ்நாடு அவ்வழியே சென்று ஓர் இலக்கணம் வகுத்தது. அதுவே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

1928-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தம் என்னும் சிற்றூரில், பெரியார் ஈ. வெ. இராமசாமியின் தலைமையில், புரோகிதரும் வேள்வித் தீயும் இன்றி ஒரு மணம் நிகழ்ந்தது. சுயமரியாதைத் திருமணம் என்ற பெயரால் இம்முறை விரைந்து பரவிற்று. மணமக்கள் மாலை மாற்றினர்; பெரியோர் பேசினர்; மணம் முடிந்தது. ஊரார் ஒப்பினர். சட்டம் ஒப்பியதா? 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒப்பவில்லை. சாத்திரச் சடங்கு நிகழவில்லை. வழக்கம் என்று கொள்வதற்கோ தொன்மை வேண்டும். சில ஆண்டுகளாக ஒரு கூட்டத்தார் செய்துவருவது வழக்கமாகாது என்று அது தீர்ப்பளித்தது. சட்ட நூலளவில் அத்தீர்ப்பில் பெரும்பிழை காண்பதற்கில்லை. ஆயினும் கால் நூற்றாண்டாக அம்முறையில் மணந்த குடும்பங்கள் ஒரு நாளில் ஐயத்துக்கு உட்பட்டன. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் தன் 7-ஆம் பிரிவில் மணமக்களில் ஒருவரது குல வழக்கச் சடங்கையே வேண்டிற்றாகலின், இவர்களுக்கு உதவவில்லை.

சி. என். அண்ணாதுரை முதலமைச்சரான 1967-ஆம் ஆண்டிலேயே சட்டசபை இக்குறையை நீக்க முற்பட்டது. அவ்வாண்டு நிறைவேறிய திருத்தம் 1968 ஜனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. அதனால் சேர்ந்த 7-அ பிரிவு கூறுவது இது: உறவினரோ நண்பரோ பிறரோ முன்னிலையில், இந்துக்களாகிய இருவர் தமக்கு விளங்கும் மொழியில் ஒருவரை ஒருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்பதாகச் சொல்லுதல், அல்லது மாலை சூட்டுதல், அல்லது விரலில் மோதிரம் அணிவித்தல், அல்லது தாலி கட்டுதல். இவற்றுள் ஒன்று நிகழ்ந்தாலே மணம் செல்லும். இலக்கண மாணாக்கர் இங்கே 'அல்லது' என்னும் சொல்லைக் கவனிப்பாராக. அவ்விடத்து உம்மை வந்திருப்பின், தாலியை மறுத்தவர் மணமும் செல்லாது போயிருக்கும். இன்னொரு சிறப்பும் உண்டு. சட்டம் வருமுன் இம்முறையில் நிகழ்ந்த மணங்களும் அவை நிகழ்ந்த நாள் தொட்டே செல்லும் என்று வகுத்தனர். இறந்தகாலத்தின்மேற் செல்லும் சட்டத்தை நாம் பெரிதும் விரும்புவதில்லை. இஃது அதற்கு நல்ல விலக்கு.

இச்சட்டம் மணந்தவரைக் காப்பதோடு நில்லாது, ஏய்ப்பவரையும் பிடிக்கும். முதல் மனைவி இருக்க மற்றொருத்திக்குத் தாலி கட்டிய ஒருவர், தீ முன் ஏழடி நடக்கவில்லையாதலால் தாம் செய்தது மணமே அன்று என்று வாதித்தார். 2001-இல் உச்சநீதிமன்றம், தமிழ்நாட்டில் தாலி கட்டியதே போதும், குற்றம் குற்றமே என்றது.

முன்னிலை என்பதற்கு எத்தனை பேர் வேண்டும், எத்துணை வெளிப்படையாக வேண்டும் என்பது பின்னெழுந்த வினா. வழக்கறிஞர் அறையில் மறைவாகச் செய்யும் மணம் செல்லாது என்று 2014-இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறிற்று. ஊரறியச் செய்வதே நன்று என்பது கேட்க இனியதுதான். ஆனால் நம் மடத்துக்குளம் வட்டாரத்தார்க்கு இதன் மறுபக்கம் தெரியும். குமரலிங்கத்தைச் சேர்ந்த பொறியியல் மாணாக்கர் ஒருவர் வேறு சாதிப் பெண்ணை 2015-இல் மணந்தார்; 2016 மார்ச் 13-ஆம் நாள் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், பலர் காண வெட்டுண்டு மாண்டார். மனைவி படுகாயத்தோடு உயிர் தப்பினார். சட்டத்தின் இலக்கணத்துக்கு மேலாக ஊரில் எழுதப்படாத ஓர் இலக்கணம் நின்று ஆள்வதை அன்று கண்டோம். இத்தகைய எதிர்ப்புக்கு அஞ்சும் இருவரை ஊரறியச் சாற்றுக என்பது அவர்தம் உயிருக்கே இடராகலாம் என்பதை ஏற்று, 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பு சரியன்று என்றது. வழக்கறிஞரும் நண்பராக முன்னிற்கலாம் என்றும் கூறிற்று.

நம் கல்லூரியில் பல சமயத்தாரும் ஒருங்கு பயில்கின்றனராதலின் ஒன்று சொல்லல் வேண்டும். 7-அ பிரிவு இந்துக்கள் இருவர்க்கே உரியது. சமயம் மாறாமல் வேற்றுச் சமயத்தாரை மணக்க விழைவோர் பெரும்பாலும் 1954-ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டத்தையே நாடுகின்றனர். அதன்படி மணமக்களின் பெயர் முதலிய விவரங்கள் அடங்கிய அறிவிப்பைத் திருமண அலுவலர் தம் அலுவலகத்தில் யாவரும் காணும் இடத்தில் ஒட்டுவார். மறுப்புக் கூறுவோர்க்கு 30 நாள் தவணை உண்டு. வழக்கறிஞர் அறையில் மணப்பவர்க்கு உச்சநீதிமன்றம் நீக்கிய அச்சம், அந்த 30 நாளும் இவர்களுக்கு நீங்குவதில்லை.