கியர் விழாத கார்

மலைச்சரிவில் இறங்கும் காரில் கியர் விழாவிட்டால், வேகத்தை அடக்கும் சுமை முழுவதும் பிரேக்கின்மீது விழும்; அது சூடேறிப் பிடிப்பிழக்கவும் கூடும்.

தேர்ந்த மெக்கானிக் உடனே கியர்ப்பெட்டியைப் பிரிப்பதில்லை. எஞ்சினை அணைத்து, கிளட்சை மிதித்து, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்ப்பார். அப்போது எளிதில் விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுமையாக விலகவில்லை என்பது பொருள். அணைந்திருந்தும் விழாவிட்டால், கியர்த்தண்டிலிருந்து பெட்டிக்குச் செல்லும் கேபிளை நோக்குவார். ஒரு கியரில் மட்டும் ‘கரகர’வென ஒலித்தால், பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றுபடுத்தும் வளையம் தேய்ந்திருக்கலாம், அதற்குத்தான் பெட்டியைப் பிரித்தாக வேண்டும். பின்செல்லும் கியர் மட்டும் விலக்கு: பல கார்களில் அதற்கு அவ்வளையமே இல்லை, வண்டி நின்றபின் சற்றுப் பொறுத்துப் போட்டால் ஒலிக்காது.

பயிற்சி: ‘விழு’ என்னும் வினை இப்பாடத்தில் எத்தனை பொருளில் வந்துள்ளது?