பெயர்ப் பலகையைக் கடைசியில் படியுங்கள்

சமகாலக் கலை புரியவில்லை என்று சொல்லும் நண்பர்களை நான் முதலில் அனுப்பிவைக்கும் இடம், சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் கலைஞர் கிராமம். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தம் மாணவர்களையும் சக கலைஞர்களையும் திரட்டித் தொடங்கியது. ஓவியத்தை நம்பிப் பிழைக்க முடியாத அந்த நாளில் பத்திக் துணிகள் செய்து விற்று வயிறு கழுவியவர்கள் அவர்கள். அவர்களின் படைப்புகளை அங்குள்ள அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

உள்ளே போனதும் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க நினைக்காதீர்கள். சும்மா ஒரு சுற்று சுற்றி வாருங்கள். எந்தப் படத்துக்கு முன்னால் கால் தயங்கியதோ அதற்குத் திரும்பி வந்து பத்து நிமிடம் நில்லுங்கள். பிடித்துப்போய்த்தான் தயங்க வேண்டும் என்பதில்லை, எரிச்சலில் தயங்கினாலும் சரி.

பக்கத்தில் இருக்கும் பெயர்ப் பலகையை இப்போது படிக்க வேண்டாம். கண்ணில் படுவதை மட்டும் ஒவ்வொன்றாக மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். பணிக்கர் 1963 வாக்கில் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை இதற்கு அருமையான பயிற்சி. பார்த்ததும் வீட்டுப் பரணில் கிடந்த பழைய ஜாதகம் நினைவுக்கு வரும். கட்டங்கள், குறிகள், பொடி எழுத்தில் வரிவரியாக ஏதோ எழுதியிருக்கிறது. நம் கண் சும்மா இருக்காது, எழுத்துக் கூட்டத் தொடங்கிவிடும். கிட்டே போனால் மலையாளம் போலவும் இருக்கும், இல்லாதது போலவும் இருக்கும். படிக்க வராது.

இந்த இடத்தில்தான் பலர் நகர்ந்துவிடுகிறார்கள். தயவுசெய்து நகராதீர்கள். படிக்க முடியாது என்று தெரிந்த பிறகுதான் கண் பார்க்கவே ஆரம்பிக்கிறது. வரிகள் எங்கே நெருங்குகின்றன, எங்கே மூச்சுவிட இடம் கிடைக்கிறது, எந்த நிறம் எழுத்துக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கிறது? வாசலில் சிக்குக் கோலத்தைப் பார்த்து யாரும் அர்த்தம் கேட்பதில்லை. இழை எங்கே புறப்பட்டு எங்கே வந்து சேர்கிறது என்று கண்ணாலேயே பின்தொடர்கிறோம். அந்தப் பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதை இங்கே கொண்டுவந்தால் போதும்.

ஒரு மாணவனின் நோட்டில் எண்களும் குறிகளும் நிறைந்த பக்கம் ஒன்றைப் பார்த்ததுதான் பணிக்கருக்கு இந்த வரிசைக்கான பொறி. இந்தச் செய்தியை, படத்தைப் பார்த்து முடித்த பிறகு தெரிந்துகொள்வது நல்லது. முன்பே தெரிந்தால் நோட்டுப் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவோம்.

இப்போது பலகையைப் படியுங்கள். தலைப்பைவிட, எதில் செய்தது என்ற வரியைக் கவனியுங்கள். சமகாலக் கலையில் பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது. கொச்சி பியனாலே கலைக் கண்காட்சியின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் சிற்பி பெனிதா பெர்சியாள் வைத்த கிறிஸ்துவின் உருவங்கள் தூரத்துப் பார்வைக்கு மரச் சிற்பங்கள். நெருங்கினால் மணக்கும். அவற்றில் குந்திரிக்கம் சேர்ந்திருக்கிறது. கோயிலில் புகையாகப் போக வேண்டிய பொருள் உடலாகி நிற்கிறது, அதுவும் நறுமணப் பண்டங்களுக்காகக் கப்பல்கள் தேடி வந்த ஊரில். கண்ணால் மட்டும் பார்த்தவருக்கு அந்தச் சிற்பம் பாதிதான் கிடைத்திருக்கும்.

அடுத்த கட்டமாக ஒரே ஒரு கலைஞரைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் தேர்வு கே.எம். ஆதிமூலம். அவருடைய காந்தி கோட்டோவியங்களும் இதழ்களில் வந்த கோடுகளும் தமிழ் வாசகருக்குப் பழக்கமானவை. அங்கிருந்து தொடங்கி, பின்னாளில் உருவமே இல்லாமல் வண்ணத்தை மட்டும் அப்பிய அவருடைய எண்ணெய் ஓவியங்கள் வரை வரிசையாகப் பாருங்கள். அரூபம் திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை என்பது புரியும்.

இவ்வளவுக்கும் பிறகும் ஒரு படம் பிடிக்கவில்லையா? தாராளமாகப் பிடிக்காமல் போகட்டும். எது பிடிக்கவில்லை என்பதை மட்டும் தேதி போட்டு ஒரு வரி எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே படத்தின் முன்னால் நின்று அந்த வரியைப் படித்துப் பாருங்கள்.