புது கார் எடுக்கும்முன்

சிவகாசி, விருதுநகர் பக்கம் ஆயுத பூஜைக்கு நாள் குறித்து, மாலையும் எலுமிச்சம்பழமுமாகக் குடும்பத்தோடு ஷோரூமுக்குப் போவது வழக்கம். அந்தக் கலகலப்பில் பெயின்ட்டை யார் பார்ப்பது? பதிவுக்கு முன்பே, பகல் வெளிச்சத்தில், டீலரின் யார்டுக்கே போய்ப் பார்த்துவிடுங்கள். டிஎன் 95 எண் விழுந்தபிறகு வேறு வண்டி கேட்டு வாங்குவது பெரும்பாடு.

பானெட், கதவு இடைவெளிகள் இருபுறமும் ஒன்றுபோல் இருக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் நிறம் சற்றே மாறியிருந்தாலோ, ரப்பர் ஓரத்தில் பெயின்ட் துகள் ஒட்டியிருந்தாலோ, போல்ட் தலையில் ஸ்பேனர் தடம் தெரிந்தாலோ, இடித்துச் சரிசெய்த வண்டியாக இருக்கலாம்.

சந்தேகம் வந்தால் டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். சேஸிஸ் எண் தெரியும்படி வீடியோ எடுத்து, அன்றே டீலருக்கும் கம்பெனிக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். “பாலிஷ் போட்டா சரியாயிரும் அண்ணாச்சி” என்பார்கள்; எழுத்தில் தரச் சொல்லுங்கள், பேச்சு மாறும்.

மசியவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. டீலர் மதுரையில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நம் மாவட்டத்துக்கான நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. கெடு 2 ஆண்டு.