புத்த கோயிலுக்கு அழைப்பு வந்தால்



மோர்டென்ஸ்ருட்டில் நீங்கள் இருக்கும் அடுக்குமாடியில் ஒரு வியட்நாமிய அம்மா இருக்கலாம். "வெசாக்குக்கு எங்கட கோயிலுக்கு வாங்கோ" என்று அவர் கேட்டால், உங்கள் மனம் ஒரு மாதிரிப் போகலாம். புத்தர் சிலை என்றதும் எங்களில் பலருக்கு ஞாபகம் வருவது ஊரில் இராணுவ முகாமுக்குப் பக்கத்தில் இருந்த சிலைதான். அந்த நோவு பொய்யில்லை. ஆனால் அழைத்தவர் வேறு ஆள். 1975க்குப் பிறகு வியட்நாமியர் படகேறித் தப்பினார்கள். நடுக்கடலில் நொர்வேக் கப்பல்கள் காப்பாற்றிய பலர் இங்கே வந்தார்கள். அவர்களும் எங்களைப் போல அகதிகள்தான்.

அவர்களுடைய கூங் வியெட் கோயில் லோரென்ஸ்கோக்கில் இருக்கிறது. போவதென்றால் இவற்றைக் கவனியுங்கள்:

1. 11 மணி என்றால் 11 மணிக்கே நில்லுங்கள்.

2. சப்பாத்து, தொப்பி இரண்டையும் கழற்ற வேணும். ஓட்டையில்லாத காலுறை போடுங்கள்! தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு நல்லது.

3. நிலத்தில் இருக்கும்போது பாதத்தைச் சிலைப் பக்கம் நீட்டாதீர்கள். சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். மற்றவர்களைப் படம் எடுக்கவும் கேட்டுத்தான் எடுக்க வேணும்.

4. பிக்குவுக்குக் கை கொடுக்க வேண்டாம், கை கூப்பினால் போதும். தாய்லாந்து விகாரைக்குப் போனால் இன்னும் கவனம்: பெண்கள் பிக்குவைத் தொடக்கூடாது. பொருள் கொடுப்பதென்றால் அவர் விரிக்கும் துணியில் வைக்க வேணும்.

5. பூ, பழம் கொண்டு போகலாம். வியட்நாமியக் கோயிலில் சாப்பாடு மரக்கறிதான்; மீன், இறைச்சி கொண்டு போகாதீர்கள்.

"நாங்களும் கும்பிட வேணுமோ?" என்று கேட்பீர்கள். கட்டாயமில்லை. நீங்கள் சைவமோ, கிறிஸ்தவரோ, இஸ்லாமியரோ, பின்னுக்கு அமைதியாக இருந்தால் அதுவே மரியாதை.

போக மனம் வரவில்லையா? "நைய், தக்" என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. நொர்வே அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு மத சுதந்திரத்தைத் தருகிறது. போவதும் விடுவதும் உங்கள் உரிமை. ஆனால் அந்த அம்மாவோடு கதைப்பதை விட்டுவிடாதீர்கள். புது நாட்டில் தனிமைதான் பெரிய வருத்தம். அதற்கு அயலவர்தான் முதல் மருந்து.

சொல்லிப் பழகுங்கள்:

தக் ஃபொர் மாத்தன் – சாப்பாட்டுக்கு நன்றி. சாப்பிட்டு எழும்பும்போது சொல்வது.

தக் ஃபொர் சிஸ்ட் – போனமுறை சந்தித்ததற்கு நன்றி. அடுத்த முறை மாடிப்படியில் கண்டால் முதலில் இதைச் சொல்லுங்கள்.