இத்தாலியரின் மாசி

கண்டியில் பீட்சாவும் பாஸ்டாவும் பழகிப்போன பலரிடம் ஒரு நம்பிக்கை ஊறியிருக்கிறது: இத்தாலியச் சமையலின் உயிரே சீஸ்தான், அது எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்குச் சாப்பாடு அசல். இது பிழை. நேப்பிள்ஸ் நகரப் பீட்சாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் கொடுத்த அங்கீகாரத்தில் இரண்டே வகைகள்தான் உள்ளன. அவற்றுள் பழையதான மரினாராவில் தக்காளி, உள்ளி, ஒரேகானோ இலை, ஒலிவ் எண்ணெய் மட்டுமே சேரும்; சீஸ் கிடையாது. கண்டிக்கு இத்தாலித் தொடர்பு புதிதல்ல. புனித அந்தோனியார் கல்லூரியை 1854இல் தொடங்கியவர்கள், இத்தாலியில் தோன்றிய சில்வெஸ்திர பெனடிக்ட் சபைத் துறவிகள். ஆனால் இத்தாலியச் சாப்பாடு என்று நாம் அறிந்தது அவர்கள் வழியாக வரவில்லை, அமெரிக்கப் பாணிப் பீட்சாக் கடைகள் வழியாக வந்தது. சீஸ் நூல்நூலாக இழுபட வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அங்கிருந்துதான் நமக்குத் தொற்றியது. சீஸ் கொத்து நம் நாட்டுப் பண்டம், அதன் ருசிக்குக் குறையில்லை. அதையே அளவுகோலாகப் பிடித்து இத்தாலியை அளப்பதுதான் தவறு.

பின்னே சீஸுக்கு அங்கே என்ன வேலை? தேங்காய்ச் சம்பலில் மாசிக்கு என்ன வேலையோ அதேதான். சம்பல் இடிக்கும்போது மாசியை அள்ளிப் போடுவோர் இல்லை. ஒரு துண்டு இடிபட்டுக் கலந்தாலே தேங்காய்க்கும் மிளகாய்க்கும் அடியில் ஓர் ஆழம் வந்துவிடுகிறது. பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற கட்டிச் சீஸும் அப்படித்தான் துருவித் தூவப்படுகிறது. ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 14 லீட்டர் பசும்பால் வேண்டும். குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும். அந்த முதிர்ச்சியில் பாலின் புரதம் உடைந்து குளூட்டமேட் பெருகுகிறது. நாக்கு ருசியென்று பிடிப்பது அதைத்தான். சூரை மீனை அவித்து, புகையூட்டி, காயவைத்த மாசியில் அதே வேலையைப் பெரும்பாலும் இனோசினேட் செய்கிறது. இரண்டும் நாள்பட இருக்கும், இரண்டும் விலை கூடியவை. கை அளந்துதான் போடும். தென் இத்தாலியின் ஏழை வீடுகளில் அந்தக் கைப்பிடிச் சீஸுக்கும் வழியிருக்கவில்லை. பழைய பாணைத் தூளாக்கி, ஒலிவ் எண்ணெயில் பொரித்து பாஸ்டாவின் மேல் தூவினார்கள். இன்று வசதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை.

ரோம் நகரத்துக் காச்சோ எ பேப்பேயில் சீஸ்தானே பிரதானம் என்று ஒருவர் மறுக்கலாம். உண்மைதான். ஆனால் அந்தத் தட்டில் பாஸ்டா, செம்மறிப்பால் சீஸ், மிளகு தவிர வேறொன்றும் இல்லை. சீஸ் முன்னுக்கு வந்தால் மற்றவை ஒதுங்கும். எல்லாவற்றின் மேலும் அதைக் கொட்டுவதற்கு இது சாட்சியாகாது. மொசரெல்லா வேறு சங்கதி. எருமைத் தயிர்ச் சட்டியை அறிந்த நமக்கு அது எளிதில் விளங்கும். நேப்பிள்ஸ் இருக்கும் காம்பானியாப் பகுதியின் எருமைப்பால் மொசரெல்லா ஈரமும் மென்மையுமானது, சில நாளுக்குள் தின்று முடிக்க வேண்டியது. அதைத் துண்டு துண்டாக வைப்பார்களே தவிர, பீட்சாவை மூடிப் போர்த்துவதில்லை. மீன், இரால் பாஸ்டாவில் சீஸ் போடுவதைப் பெரும்பாலான இத்தாலியர் விரும்புவதில்லை என்பதும் இதோடு சேர்ந்ததே. கடல் தந்த சுவைக்கு மேல் இன்னொரு கனத்த சுவை எதற்கு? இது சட்டமல்ல, தென் இத்தாலியின் புல்யாவில் மட்டியோடு பெக்கோரினோ என்ற செம்மறிப்பால் சீஸைச் சேர்ப்பார்கள். அங்கும் அளவு சிறிதுதான்.

சீஸே உயிர் என்ற நம்பிக்கைக்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது: சீஸ் பாலில் ஆனது, ஆகவே சைவம். கட்டுக்கலைப் பிள்ளையார் கோவில் திருவிழாவுக்கு விரதம் பிடிக்கும் வீடுகள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். பார்மிஜானோவின் பாலை உறைய வைப்பது கன்றின் இரைப்பையில் எடுத்த நொதி. விதிப்படியே அதுதான் சேர வேண்டும். நுண்ணுயிர் நொதியில் செய்த சீஸும் கடைகளில் உண்டு, பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்து வாங்கலாம். அதுவும் வேண்டாமென்றால் நேற்றைய பாண் இருக்கிறது: தூளாக்கி, உள்ளியும் செத்தல் மிளகாயும் சேர்த்து எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து, அவித்த பாஸ்டாவின் மேல் சூட்டோடு தூவினால், சிசிலி வீடுகளில் தலைமுறைகளாகச் சாப்பிடும் தட்டு அதுதான்.