பரதேசியும் வீடற்றவரும்

நம்பிக்கை: பரதேசி என்றால் வீடு வாசல் இல்லாதவன், பிச்சையெடுத்துப் பிழைப்பவன்.

தஞ்சைச் சீமையில் கோபம் வந்தவர் வாயிலிருந்து வெகு சுலபமாகப் புறப்படும் வசவு இது. ஆயினும், 'பர' என்பதற்கு வேறு என்றும் 'தேசம்' என்பதற்கு நாடு என்றும் பொருள் கொண்டு பிரித்துப் பார்த்த மாத்திரத்தில், அச்சொல் ஒருவனுக்கு வீடில்லை என்று சொல்லவில்லை, அவன் வீடு வேறு தேசத்தில் இருக்கிறது என்றுதான் சொல்கிறது என்பது விளங்கிவிடும். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ஆம் ஆண்டு யூதர்கள் எழுப்பிய ஜெபாலயத்துக்கு இன்றளவும் பரதேசி ஆலயம் என்றே பெயர். அதைக் கட்டியவர்கள் கடல் கடந்து வந்து வாணிபத்தில் சிறந்தவர்களேயன்றி யாசகர்கள் அல்லர். நம் ஒரத்தநாட்டிலே சரபோஜி மன்னர் முக்தாம்பாள் பெயரால் ஸ்தாபித்த சத்திரத்திலும், இராமேசுவர யாத்திரையாக வந்து, மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்த பரதேசிகளுக்கெல்லாம் அன்னமிட்டார்கள். அவர்களை எதிர்பார்த்து எங்கோ ஒரு வீடு காத்திருந்தது. விருந்தாய் வந்தவனைக் குறித்த அவ்வார்த்தையைக் குழந்தைகள்மேல் வீசக் கேட்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது.

நம்பிக்கை: வீடற்றவர் என்போர் நடைபாதையில் உறங்குவோர் மட்டுமே.

ஜனத்தொகைக் கணக்கும் ஏறத்தாழ அப்படித்தான் கொள்கிறது. 2011 பிப்ரவரி 28 இரவு, பாலத்தடியிலும் ரயிலடியிலும் கோயில் வாசலிலும் படுத்திருந்தவர்களை எண்ணியபோது தேசமெங்கும் சுமார் 17.7 லட்சம் பேர் இருந்தனர். தலைக்குமேல் கூரையொன்று இருந்துவிட்டால் அக்கணக்கில் இடமில்லை. ஆனால், காவிரிக் கழனிகளில் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்ட பண்ணையாளின் கதை வேறு. வாய்க்கால் மேட்டிலே மண்சுவர் எழுப்பி, மூங்கில் நிறுத்தி, கீற்று வேய்ந்த குடிசை அவனுடையது. அது நின்ற மண்ணோ மிராசுதாருடையது. கூலியைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டால், கீற்றைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லிவிடலாம். "மனைக்கட்டு இல்லீங்க" என்றுதான் அவன் தன் குறையைச் சொல்வான். வீடில்லை என்று சொல்வதில்லை. அவ்வார்த்தையின் நுட்பத்தைச் சட்டமும் கடைசியில் உணர்ந்தது: 1971-இல் நிறைவேறிய குடியிருப்புச் சட்டம், விவசாயத் தொழிலாளியின் குடிசை நின்ற நிலத்தை அவனுக்கே உரிமையாக்கியது.

பட்டா வந்த வருஷம், திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஒரு குடிசை வாசலில் முதன்முறையாகத் தென்னங்கன்று வைத்திருந்தார்கள். அதுவரை அங்கே இருந்தவை பூசணிக்கொடியும் அவரைப் பந்தலும்; ஒரு பருவத்தில் காய்த்து முடிபவை.